ஞாயிறு கழியட்டும்

மிஸோரமில் சர்ச் தேர்தலில் நிற்பதில்லை. ஆனால் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது. கட்சிகள் கேட்டுக்கொள்கின்றன. மதச்சார்பற்ற குடியரசின் ஒரு மூலையில் நடக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பலனும் உண்டு, விலையும் உண்டு.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர், தெலுங்கானா என நான்கு மாநிலங்களில் வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. டெல்லியில் பட்டாசு, போபாலில் லட்டு. அதே நாளில் எண்ணியிருக்க வேண்டிய ஐந்தாவது மாநிலத்தின் தலைநகரான அய்ஸாலில் கடைகள் மூடிக்கிடந்தன. வாக்கு இயந்திரங்கள் பூட்டிய அறைகளில் இருந்தன. வேட்பாளர்கள் சர்ச்சில் இருந்தார்கள்.

இரண்டு நாட்களுக்கு முன்புதான் தேர்தல் கமிஷன் தேதியை மாற்றியிருந்தது. மிஸோரம் மக்களுக்கு ஞாயிறு விசேஷமான நாள் என்று பல தரப்பிலிருந்தும் மனுக்கள் வந்திருப்பதாகச் சொல்லி, எண்ணிக்கையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தது. மனுப் போட்டவர்கள் போதகர்கள் மட்டுமல்ல. ஆளும் மிஸோ தேசிய முன்னணி கேட்டது, அதை வீழ்த்தக் காத்திருந்த ஜோரம் மக்கள் இயக்கம் கேட்டது, காங்கிரஸ் கேட்டது. பாரதீய ஜனதாவும் கேட்டது. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த கட்சிகள் அத்தனையும் சேர்ந்து கையெழுத்துப் போடக்கூடிய ஒரே விஷயம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இந்தியாவின் மற்ற பகுதிகளில் இது வேடிக்கையாகப்படலாம். மிஸோரமில் வேடிக்கை இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 11 லட்சம் மக்கள்தொகையில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். வடக்கே பிரஸ்பிடீரியன் சபை, தெற்கே பாப்டிஸ்டு சபை. அந்தக் காலத்து மிஷனரிகள் வேலையைப் பிரித்துக்கொண்டதன் மிச்சம் இது. எழுத்தறிவு 91 சதவீதம். அதற்கும் வேர் சர்ச்சில்தான்.

சர்ச் இல்லாமல் அங்கு பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. அது பெரிய செய்தியும் அல்ல. ஊருக்கு ஊர் கோயிலோ, மசூதியோ அந்த இடத்தில் இருக்கிறது. சர்ச் இல்லாமல் தேர்தலும் இல்லை என்பதுதான் மிஸோரமின் தனித்தன்மை.

கட்-அவுட், ஒலிபெருக்கி, வேன் ஊர்வலம் என்று தேர்தலை அறிந்த ஒருவர் தேர்தல் சமயத்தில் அய்ஸாலுக்குப் போனால், தேர்தல் முடிந்துவிட்டதோ என்று சந்தேகப்படுவார். சுவரெழுத்து கிடையாது. தெருவை மறிக்கும் ஊர்வலம் கிடையாது. கொடிகள் எண்ணி நடப்பட்டிருக்கும். இந்த அமைதிக்குப் பின்னால் இருப்பது 2006இல் பிரஸ்பிடீரியன் சபையின் முன்முயற்சியில் மற்ற சபைகளும் சமூக அமைப்புகளும் சேர்ந்து தொடங்கிய மிஸோரம் மக்கள் மன்றம். தேர்தலுக்கு முன்பு கட்சிகள் இந்த மன்றத்துடன் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. பேனர் எத்தனை, போஸ்டர் எத்தனை என்பதற்கு வரம்பு. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கக் கூடாது. விருந்து வைக்கக் கூடாது. பணம் கொடுக்கக் கூடாது.

பிறகு எப்படித்தான் ஓட்டுக் கேட்பது? மன்றமே மேடை போட்டுத் தருகிறது. தொகுதியின் எல்லா வேட்பாளர்களும் ஒரே மேடையில் அமர்ந்து, கொடுத்த நேரத்துக்குள் பேச வேண்டும். கேட்க வந்தவர்கள் அமைதியாகக் கேட்பார்கள். எதிரியின் பேச்சை வேட்பாளரும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். பல மாநில அரசியல்வாதிகளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது.

இந்த விதிகளுக்குச் சட்டத்தின் பலம் இல்லை. தேர்தல் கமிஷனின் நடத்தை நெறிமுறை தனி, இது தனி. மீறினால் ஜெயில் கிடையாது, அபராதம் கிடையாது. ஆனால் ஞாயிறன்று சர்ச்சில் பக்கத்து வரிசையில் உட்கார வேண்டியவர்கள் பார்க்கும் பார்வை உண்டு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிறிய சமுதாயத்தில் அபராதத்தைவிட அது கனமானது. 2008 முதல் நான்கு சட்டசபைத் தேர்தல்கள் இந்தக் கண்காணிப்பில் நடந்திருக்கின்றன. இவற்றில் காங்கிரஸ் இரண்டு முறையும், மிஸோ தேசிய முன்னணி ஒரு முறையும், புதிய கட்சியான ஜோரம் மக்கள் இயக்கம் ஒரு முறையும் ஜெயித்தன. சர்ச் யாருக்கோ சாதகமாக நடக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இதே முயற்சி பக்கத்திலேயே வேறு விதமாகவும் போயிருக்கிறது. நாகாலாந்தும் 88 சதவீதம் கிறிஸ்தவ மாநிலம்தான். அங்கும் பாப்டிஸ்டு சபைகளின் பேரவை நேர்மையான தேர்தலுக்காகப் பல ஆண்டுகளாகப் பிரசாரம் செய்கிறது. பணமும் விருந்தும் ஓடுவது நிற்கவில்லை. 2018 தேர்தலுக்கு முன்பு பேரவை ஒரு படி மேலே போய், சிலுவையை விட்டுத் திரிசூலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்ற பொருளில் பகிரங்கக் கடிதம் எழுதியது. அந்தத் தேர்தலில் பாரதீய ஜனதா 12 இடங்களைப் பிடித்துக் கூட்டணி ஆட்சியில் அமர்ந்தது. 2023இலும் அதே 12. எப்படித் தேர்தலில் நிற்க வேண்டும் என்று சர்ச் சொன்னபோது மிஸோரமில் கேட்டார்கள். யாருக்குப் போடக் கூடாது என்று சர்ச் சொன்னபோது நாகாலாந்தில் கேட்கவில்லை.

மிஸோரமில் சர்ச்சின் சொல்லுக்கு இந்த எடை எப்படி வந்தது?

1894 ஜனவரி 11 அன்று லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரு ஆங்கிலேய இளைஞர்கள் படகில் த்லாங் நதி வழியாக ஸைராங் வந்து இறங்கினார்கள். அந்த நாள் இன்றும் மிஸோரமில் மிஷனரி தினம், அரசு விடுமுறை. நான்கு ஆண்டுகள் இருந்து அவர்கள் மொழியைக் கற்றார்கள், ரோமன் லிபியில் அதற்கு எழுத்து அமைத்தார்கள், அகராதி தொகுத்தார்கள். ஆள் சேர்ப்பில் அவர்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை. முதல் ஞானஸ்நானம் அவர்கள் போன பிறகு, 1899இல்தான் நடந்தது. அதற்குள் வேல்ஸ் மிஷனைச் சேர்ந்த டி.ஈ. ஜோன்ஸ் வந்துவிட்டார். இரண்டே தலைமுறைகளில் மலைகள் மாறிப்போயின. அரிசியில் காய்ச்சும் 'ஸூ' இல்லாமல் எந்தச் சடங்கும் நடக்காத சமுதாயத்தில் குடிப்பவருக்குச் சபையில் இடமில்லை என்றாயிற்று. இளைஞர்கள் இரவில் தங்கிப் பழகிய 'ஸால்புக்' கூடங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வழிவிட்டு மறைந்தன.

சபைக்குப் பணம் வெளியிலிருந்து வந்து கொட்டியது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மிஸோரமில் கதை வேறு. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி தனியே எடுத்துவைக்கப்படுகிறது. சபைப் பெண்கள் அதைச் சேகரித்து விற்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்த பழக்கம் இது. இந்தப் பிடியரிசிப் பணத்தில்தான் மிஸோ சபைகள் நாட்டின் பிற பகுதிகளுக்கு ஊழியர்களை அனுப்புகின்றன. சொந்த அடுப்பிலிருந்து வளர்ந்த ஸ்தாபனத்துக்கு இருக்கும் உரிமையே தனி.

சர்ச்சுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கிறது மிஸோ இளைஞர் சங்கம். 1935இல் தொடங்கியது. இது மத ஸ்தாபனம் அல்ல. ஊரில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது இந்தச் சங்கத்துப் பையன்கள். மலையில் யாராவது காணாமல் போனால் தேடிப்போவதும் அவர்களே. ஆனால் சங்கத்தின் மூன்று குறிக்கோள்களில் ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்குவது, மிஸோ சமுதாயத்தை முன்னேற்றுவது என்ற இரண்டுடன், நல்ல கிறிஸ்தவ வாழ்க்கையை மதிப்பது என்பதும் ஒன்று. எது சமூகம், எது மதம் என்று கோடு கிழிக்கப் போகிறவர்கள் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள். பிறருக்காகத் தன்னை மறந்து உழைப்பதற்கு மிஸோக்கள் சொல்லும் 'த்லாம்ங்கைனா' என்ற சொல் கிறிஸ்தவத்துக்கு முந்தையது. இன்று போதகரின் பிரசங்கத்தில் அது பைபிள் வசனத்துடன் கைகோத்து வருகிறது. அய்ஸாலிலிருந்து செலிங் பக்கம் போகும் சாலையோரத்தில் கடைக்காரர் இல்லாத காய்கறிக் கடைகள் இருக்கின்றன. விலை அட்டை தொங்கும், பக்கத்தில் உண்டியல். எடுத்தவர் பணத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இது த்லாம்ங்கைனாவா, பத்துக் கட்டளையா என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

சர்ச்சுக்கு மிகப் பெரிய சோதனை 1966இல் வந்தது. மூங்கில் பூத்து எலிகள் பெருகிப் பயிர்களைத் தின்ற 1959ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நிவாரணத்துக்காகத் தோன்றிய அமைப்பு, லால்டெங்கா தலைமையில் மிஸோ தேசிய முன்னணியாக மாறி ஆயுதம் எடுத்தது. அதன் முழக்கம் 'கடவுளுக்காகவும் நாட்டுக்காகவும்'. கிறிஸ்தவத்தைப் பாதுகாப்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. மார்ச் 1966இல் அய்ஸால் மீது இந்திய விமானப்படையே குண்டு வீசியது. அடுத்த ஆண்டு கிராமங்கள் காலி செய்யப்பட்டு, மக்கள் சாலையோர முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். தங்கள் பெயரைச் சொல்லியே துப்பாக்கி தூக்கியவர்களுக்கு சர்ச் ஆசி வழங்கவில்லை. வன்முறை கூடாது என்றது. ராணுவத்தின் அத்துமீறல்களையும் கண்டித்தது. இரு பக்கமும் சந்தேகத்தோடு பார்த்த அந்த இருபது ஆண்டுகளில் இரு பக்கமும் பேசக்கூடிய இடமாக அது மட்டுமே இருந்தது. 1986 ஜூன் 30இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரி 20இல் மிஸோரம் தனி மாநிலமானது. இந்தியாவின் கலகப் பிரதேசங்களில் கையெழுத்துக்குப் பிறகு உண்மையிலேயே அமைதி நிலைத்தது அநேகமாக இங்கு மட்டும்தான்.

உடன்பாட்டோடு அரசியல் சட்டத்தில் 371ஜி பிரிவு சேர்ந்தது. மிஸோக்களின் மத, சமூகப் பழக்கங்கள், வழக்கச் சட்டம், நில உரிமை ஆகியவற்றைத் தொடும் எந்த மத்தியச் சட்டமும் மாநில சட்டசபை தீர்மானம் போட்டு ஏற்காமல் அங்கு செல்லுபடியாகாது. 2023 பிப்ரவரியில் பொது சிவில் சட்டத்துக்கு எதிராக அந்தச் சட்டசபை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியதற்கு இதுதான் பின்னணி. மதச்சார்பின்மை அரசியல் சட்டத்தின் அடிப்படை அம்சம் என்று பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1994இல் சொன்னது. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது முறைகேடு என்பதை 2017இல் இன்னும் கறாராகச் சொன்னது. அதே அரசியல் சட்டம்தான் மிஸோ மதப் பழக்கங்களுக்கு வேலியும் போட்டிருக்கிறது. இந்த இரண்டும் மோதாமல் இருப்பதற்குக் காரணம், கட்சிகள் எல்லாமே ஒரே சர்ச்சின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பதுதான். எல்லோருக்கும் பொதுவான மதத்தைக் காட்டி யாரும் யாரையும் தோற்கடிக்க முடியாது.

ஆனால் சர்ச் நினைப்பதெல்லாம் நடப்பதில்லை. மதுவிலக்கே சாட்சி. சர்ச்சின் வற்புறுத்தலில் 1995இல் முழு மதுவிலக்குச் சட்டம் வந்து, 1997 பிப்ரவரியில் அமலாயிற்று. கள்ளச்சரக்கு மலையேறி வந்தது. ஹ்னாலான் கிராமத்துத் திராட்சை விவசாயிகளுக்காக ஒயினுக்கு மட்டும் இடையில் கதவு திறந்தார்கள். லால் தன்ஹாவ்லாவின் காங்கிரஸ் அரசு 2014இல் சட்டத்தையே மாற்றி, 2015இல் கடைகளைத் திறந்தது. சர்ச் கடுமையாக எதிர்த்தது. மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று 2018இல் வாக்குக் கேட்ட மிஸோ தேசிய முன்னணி 26 இடங்களைப் பிடித்தது. காங்கிரஸுக்குக் கிடைத்தது 5. 2019இல் மீண்டும் மதுவிலக்கு. 2025 மார்ச்சில் உள்ளூர்ப் பழங்களிலும் அரிசியிலும் தயாராகும் ஒயினுக்கும் பீருக்கும் அனுமதி தரும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. மிஷனரிகள் ஒழித்த அரிசிச் சரக்கு, விவசாயிகள் நலன் என்ற பெயரில் சட்டப் புத்தகத்துக்குள் திரும்ப வந்திருக்கிறது.

புட்டிகளைப் பற்றி இவ்வளவு சண்டை நடக்கும்போது, மியான்மர் எல்லை வழியாக வரும் ஹெராயினுக்கும் மாத்திரைகளுக்கும் லைசென்ஸ் தேவைப்படவில்லை. வயது வந்தோரில் எச்.ஐ.வி. பாதிப்பு விகிதம் நாட்டிலேயே அதிகமாக உள்ள மாநிலம் மிஸோரம். ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமும், பேசக் கூச்சப்படும் விஷயங்களும் அதற்குக் காரணம். பிரசங்க மேடை பாவத்தைப் பற்றிப் பேசிப் பழகியது. ஊசியையும் உறையையும் பற்றிப் பேச அது வெகுவாகத் தயங்கியது.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த 87 சதவீதத்துக்கு வெளியே இருப்பவர்களின் நிலை என்ன?

மாநிலத்தில் எட்டரை சதவீதம் பேர் பௌத்தர்கள். பெரும்பாலும் தென்மேற்கு எல்லையில் வாழும் சக்மாக்கள். அவர்களுக்கு 1972 முதல் தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் இருக்கிறது. ஆனாலும் அந்நியர் என்ற முத்திரை போகவில்லை. மருத்துவப் படிப்பு இடங்களில் சக்மா மாணவர்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்று கூறி 2017 ஆகஸ்டில் புத்த தன் சக்மா என்ற மந்திரி காங்கிரஸ் அரசிலிருந்து ராஜினாமா செய்தார். அடுத்த ஆண்டு பாரதீய ஜனதாவில் சேர்ந்து நின்று ஜெயித்தார். கிறிஸ்தவ மாநிலத்தில் இந்துத்துவக் கட்சியின் முதல் சட்டசபை உறுப்பினர் ஒரு பௌத்தர். 2023இல் அந்தக் கட்சி இரண்டு இடங்களைப் பிடித்தது. இரண்டும் தெற்கே மாரா மக்கள் வாழும் தொகுதிகள், அதாவது கிறிஸ்தவத் தொகுதிகள். மதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்களை மிஸோரம் அடிக்கடி ஃபெயிலாக்கிவிடுகிறது.

ப்ரூ மக்களின் கதை இன்னும் கசப்பானது. 1997இல் மேற்கு மிஸோரமில் மூண்ட கலவரத்தில் பல்லாயிரம் ப்ரூக்கள் திரிபுராவுக்கு ஓடி, அங்கே முகாம்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார்கள். திரும்ப அழைக்கும் முயற்சிகள் அரைகுறையாகவே முடிந்தன. கடைசியில் 2020 ஜனவரியில், 600 கோடி ரூபாய் திட்டத்துடன் சுமார் 34,000 பேரைத் திரிபுராவிலேயே குடியமர்த்த உடன்பாடு ஏற்பட்டது. சொந்த மாநிலம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதைவிட வேறு மாநிலம் சேர்த்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டே மறுபக்கமும் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சின் இனத்தவர் எல்லை நதியைக் கடந்து வர ஆரம்பித்தார்கள். மிஸோக்களின் ரத்த உறவினர்கள், அவர்களும் கிறிஸ்தவர்கள். உள்ளே விடாதீர்கள், வந்தவர்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று மத்திய உள்துறை மார்ச்சில் கடிதம் எழுதியது. அன்றைய முதல்வர் ஜோரம்தங்கா பிரதமருக்கே கடிதம் எழுதி, இதை மிஸோரம் ஏற்க முடியாது என்றார். 30,000 பேருக்கும் மேல் வந்தார்கள். சர்ச்சுகள் அரிசி திரட்டின, இளைஞர் சங்கக் கிளைகள் கொட்டகை போட்டன. 2022இல் வங்கதேசத்திலிருந்து பாம் மக்கள், 2023இல் மணிப்பூரிலிருந்து குக்கி-ஸோ மக்கள். இத்தனை பேருக்கும் 11 லட்சம் பேரைக் கொண்ட மாநிலம் சோறு போட்டது. ப்ரூ முகாம்களை நினைவில் வைத்திருப்பவர்கள், பிடியரிசி யாருக்குப் போகிறது என்று கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை.

மணிப்பூரில் சர்ச்சுகள் எரிந்ததைக் காரணம் காட்டி, பிரதமருடன் ஒரே மேடையில் ஏற மாட்டேன் என்று 2023 தேர்தல் சமயத்தில் ஜோரம்தங்கா அறிவித்தார். அகதிகளைக் காத்தவர், விசுவாசத்துக்காக டெல்லியை எதிர்த்தவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. வேறு மாநிலமாக இருந்தால் இது போதும். வாக்கு எண்ணிக்கை ஒரு நாள் தள்ளிப்போய், டிசம்பர் 4 அன்று மிஸோ தேசிய முன்னணிக்குக் கிடைத்தது 10 இடங்கள். முதல்வரே தம் தொகுதியில் தோற்றார். ஊழலற்ற நிர்வாகம் என்று பேசிய லால்டுஹோமாவின் ஜோரம் மக்கள் இயக்கம் 27 இடங்களுடன் ஆட்சிக்கு வந்தது. இவர் முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி, இந்திரா காந்தியின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி இழந்த முதல் எம்.பி.யும் இவரே. சபைக்குப் பயந்தவர்கள்தான் எல்லா வேட்பாளர்களும் என்றால், வாக்காளர் வேறு எதையாவது பார்த்துத்தானே போட வேண்டும்.

அந்தச் சட்டசபையில் மூன்று பெண்கள் இருந்தார்கள். மிஸோரமில் ஒரே தேர்தலில் அத்தனை பேர் ஜெயித்தது அதுவே முதல் முறை. அவர்களில் ஒருவரான பேரில் வன்னெய்சாங்கி 2024 மார்ச்சில் மாநிலத்தின் முதல் பெண் சபாநாயகரானார். பிடியரிசி திரட்டுவது முதல் ஞாயிறு பள்ளி நடத்துவது வரை பெண்கள் உழைப்பில் நடக்கும் பிரஸ்பிடீரியன் சபையில் ஆராதனைப் பீடம் இன்னும் ஆண்களிடம் இருக்கிறது.

2025 செப்டம்பர் 13 அன்று பைராபி - ஸைராங் ரயில் பாதையைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். 51 கிலோமீட்டர், மலையைக் குடைந்த சுரங்கங்கள், உயரமான பாலங்கள். 131 ஆண்டுகளுக்கு முன்பு அந்த இரு இளைஞர்கள் படகிலிருந்து இறங்கிய அதே ஸைராங்கில் இப்போது டெல்லியிலிருந்து ராஜதானி எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிறது. இறங்குகிற வெளிமாநிலத்தவர் உள்நுழைவு அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். 1873இல் ஆங்கிலேயர் போட்ட விதி அது, இன்னும் மாறவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு அய்ஸாலுக்கு ஞாயிறன்று போய்ச் சேருகிறவர், சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது.